செமஸ்டர் தேர்வில் முதல் அலகும் வர வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பிக்கிறேன். பாடத்திட்டக் குழுவிலும் வினாத்தாள் ஆய்வுக் குழுவிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் ஏப்ரலிலும் மாணவர்களும் பெற்றோரும் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களோடு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் என்னுடையவை, எங்கள் துறையிலேயே இவற்றை ஏற்காதவர்கள் உண்டு.

1. முழுப்பாடத் தேர்வு என்று எதைச் சொல்கிறீர்கள்? நம் ஊரில் எல்லாத் தேர்வும் அப்படித்தானே?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு தாளின் பாடத்திட்டம் பெரும்பாலும் ஐந்து அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பருவத்தின் நடுவே இரண்டு அல்லது மூன்று அகமதிப்பீட்டுத் தேர்வுகள் நடக்கும். மாணவர்கள் அவற்றை இன்டர்னல் என்றோ சி.ஐ.ஏ. என்றோ சொல்வார்கள். முதல் தேர்வில் முதல் இரண்டு அலகுகள், இரண்டாவதில் அடுத்த இரண்டு என்று பகுதி பகுதியாகக் கேட்டுவிட்டு, பருவ இறுதியில் ஐந்து அலகுகளையும் சேர்த்துக் கேட்பதுதான் முழுப்பாடத் தேர்வு. கடைசி இன்டர்னலுக்குப் பிறகு நடத்திய பகுதியை மட்டும் இறுதித் தேர்வில் கேட்பது இதற்கு மாற்று.

அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டு வழக்கமும் உண்டு. எது என்பதைப் பெரும்பாலும் பாடம் நடத்தும் ஆசிரியரே முடிவுசெய்து, வகுப்பு தொடங்கும்போதே அறிவித்துவிடுவார். இங்கே அதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம் அல்லது தன்னாட்சிக் கல்லூரியின் கல்விக்குழு. ஆகவே எல்லாத் தேர்வும் அப்படித்தான் என்பது பெயரளவில் சரி. பெயரளவில் என்று ஏன் சொல்கிறேன் என்பது ஆறாம் கேள்வியில் வரும்.

2. இன்டர்னலில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்ட பாடத்தை செமஸ்டரில் மறுபடியும் எதற்குக் கேட்கிறீர்கள்?

நடத்தி முடித்த சில வாரங்களுக்குள் ஒரு பாடம் மாணவரிடம் எந்த அளவு இருக்கிறது என்பதை இன்டர்னல் சொல்கிறது. மூன்று மாதம் கழித்தும் அது இருக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதே அவர் கண்டது. தேர்வுக்கு முதல் நாள் இரவு படித்து எழுதிய எவருக்கும் இது ஆய்வு இல்லாமலே தெரியும்.

இதைச் சொல்லும்போது என் நினைவுக்கு வருவது ஒரு சிறிய காட்சி. இரண்டாவது இன்டர்னல் முடிந்த மறுநாள், முதலாண்டு மாணவர் ஒருவர் கேன்டீனில் எண்ணெய் வடியும் வடையை ஒரு தாளில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது நான் கொடுத்த முதல் அலகுக் குறிப்புகளின் ஜெராக்ஸ். கூட்டுச்சராசரிக்கான சூத்திரம் எண்ணெயில் கண்ணாடி போலத் தெரிந்தது. நான் பார்த்துவிட்டதை அறிந்ததும், "அது முடிஞ்சுபோச்சு சார்" என்றார். அவர் மீது தவறில்லை. முடிந்தது எது, முடியாதது எது என்பதை மாணவருக்கு நாம் தேர்வின் வழியாகவே சொல்கிறோம்.

3. திரும்பத் திரும்பப் படித்தால்தானே நினைவில் நிற்கும்? தேர்வு எழுதினால் எப்படி நிற்கும்?

இதற்கு ஓரளவு உறுதியான ஆதாரம் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு சிறு உரைப்பகுதியை இரண்டு முறை படித்தார்கள்; இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: இரண்டு முறை படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

இதை வைத்துக்கொண்டு 'ஆகவே செமஸ்டர் தேர்வு நல்லது' என்று உடனே முடிவுகட்டுவது நேர்மையாகாது. அவர்கள் கொடுத்தது ஒரு சிறு பகுதி. நம் தாளோ ஐந்து அலகு. மேலும், நினைவிலிருந்து எடுத்து எழுதும் பழக்கம் இடைவெளி விட்டுப் பலமுறை நடந்தால்தான் பலன் கூடும். பருவ முடிவில் ஒரே ஒரு நாள் மூன்று மணி நேரம் எழுதுவதால் அல்ல. இறுதித் தேர்வில் முதல் அலகும் வரும் என்று தெரிந்திருப்பதால் மாணவர் நடுவில் ஒருமுறையாவது அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார் என்பதே முழுப்பாடத் தேர்வின் பயன்.

4. பள்ளியில் முப்பருவ முறை இருந்தது. பருவம் முடிந்ததும் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டோம். கல்லூரியில் அதையே செய்தால் என்ன?

தமிழ்நாட்டில் முப்பருவ முறை 2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவரப்பட்டது. பாடநூல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. புத்தகப் பையின் சுமை குறைந்தது. ஒரு பருவத்தின் பாடம் அடுத்த பருவத் தேர்வில் வரவில்லை. சிறு பிள்ளைகளுக்கு அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. நான்காம் வகுப்பில் படித்த பின்னம் ஐந்திலும் ஆறிலும் மறுபடி வரும். தேர்வு மறந்தாலும் பாடத்திட்டம் மறக்காது. கல்லூரியில் முதல் பருவத்துப் புள்ளியியல் தாள் முதல் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. அதில் விட்ட அலகைத் திரும்பக் கற்பிக்க எந்தத் தாளும் வருவதில்லை.

5. கணக்குக்கு இது சரி. வரலாறு, சட்டம், தமிழ் போன்றவற்றில் ஒவ்வொரு அலகும் தனித்தனி தானே?

பார்வைக்குத் தனித்தனியாகத் தெரியும் பல தாள்கள் உண்மையில் தனித்தனி அல்ல. வணிகவியல் மாணவர்கள் படிக்கும் வணிகச் சட்டத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலகில் ஒப்பந்தச் சட்டம், இன்னோர் அலகில் சரக்கு விற்பனைச் சட்டம் என்றிருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து மாணவர்கள் படிக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் உள்ளேயே இருந்த பகுதிதான் 1930இல் சரக்கு விற்பனைச் சட்டமாகத் தனியே பிரிந்தது. கூட்டாண்மைச் சட்டமும் அப்படியே 1932இல் பிரிந்தது. முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது) ஆகிய ஒப்பந்தச் சட்ட அடிப்படைகளை மறந்தவர் விற்பனை ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும் விடை, பெயர்களின் அடுக்காகவே இருக்கும்.

தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இப்படித்தான். முதல் அலகில் அகத்திணை மரபை, அதாவது சங்கப் பாடல்களின் காதல் மரபைப் படித்தவர் பின்னர் ஆழ்வார் பாசுரங்களில் தலைவி கூற்றாக வரும் பாடல்களைப் பார்க்கும்போது, பழைய மரபு புதிய இடத்தில் புகுந்திருப்பதைக் காண முடியும். அலகைக் கடந்து கேட்கும் கேள்வி இல்லாவிட்டால் அதைக் காண வேண்டிய தேவையே அவருக்கு வராது.

உண்மையாகவே தொடர்பற்ற அலகுகளைக் கொண்ட தாள்களும் உண்டு. பொது அறிவுத் தாள் போன்று, ஐந்து ஆசிரியர்கள் ஆளுக்கோர் அலகு எழுதிச் சேர்த்த பாடத்திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு அலகுவாரியாகத் தேர்வு வைத்து முடித்துவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தாள் ஏன் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

6. வினாத்தாளில் ஐந்து அலகும் இருக்கின்றன. பிறகு உங்களுக்கு என்ன குறை?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். ஐந்து அலகிலிருந்தும் கேள்வி வருவது ஒன்று. ஐந்து அலகும் தெரிந்தால்தான் எழுத முடியும் என்பது வேறொன்று. நம் வினாத்தாள்கள் பெரும்பாலும் முதல் வகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் 100 மதிப்பெண் வினாத்தாள் இப்படி அமைந்தது: முதல் பகுதியில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், இரண்டாம் பகுதியில் 'அல்லது' வைத்து ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள், மூன்றாம் பகுதியில் ஒரு 15 மதிப்பெண் கேள்வி. அலகுக்கு இரண்டு சிறு கேள்வி, ஒரு பெரிய கேள்வி என்று பங்கிட்டால், மூன்று அலகை மட்டும் நன்றாகப் படித்தவருக்கு 12ம் 39ம் சேர்ந்து 51 மதிப்பெண் எட்டும் தூரத்தில் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேவைப்பட்டது 45. மூன்றாம் பகுதிக் கேள்வியும் படித்த அலகிலிருந்து வந்துவிட்டால் 66. கலைக் கல்லூரிகளில் காணப்படும் 75 மதிப்பெண் தாளில் இன்னும் எளிது: அலகுக்கு ஒன்றாக ஐந்து பத்து மதிப்பெண் கேள்விகள் கொடுத்து 'எவையேனும் மூன்றனுக்கு விடையளி' என்றால், இரண்டு அலகைத் தொடாமலே அந்தப் பகுதியின் 30 மதிப்பெண்ணையும் பெறலாம், தேர்ச்சிக்கு வேண்டியதும் 75க்கு 30தான்.

மாணவர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். 'ரெண்டு யூனிட் சாய்ஸ்ல விட்டுட்டேன்' என்பது விடுதியில் அன்றாடப் பேச்சு. இன்னும் பெரிய குறை, ஒரு கேள்வி ஓர் அலகின் எல்லையைத் தாண்டுவதில்லை என்பது. எந்த அலகிலிருந்து எந்தக் கேள்வி என்று பட்டியலிட்டுத் தரும்படி வினாத்தாள் அமைப்பவரைக் கேட்கிறோம். இரண்டு அலகைச் சேர்த்துக் கேட்டால் பட்டியலின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. ஆக, ஐந்து சிறு தேர்வுகளை நூல் கட்டி ஒரே தாளாகத் தருகிறோம். இது முழுப்பாடத்தையும் பரப்பிக் கேட்கும் தேர்வு. திரட்டிக் கேட்கும் தேர்வு ஆகாது.

7. அப்படியென்றால் 'சாய்ஸ்' கூடாது என்கிறீர்களா?

இல்லை. ஓர் அலகுக்குள் இரண்டு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கட்டும். அலகையே விட்டுவிடும் உரிமைதான் வேண்டாம்.

8. அலகுகளை இணைத்துக் கேட்பது என்றால் எப்படி? ஒரு கேள்வியைக் காட்டுங்கள்.

என் பாடத்திலிருந்தே காட்டுகிறேன். ஒரு ஜவுளிக்கடையின் பத்து மாத விவரம்: விளம்பரச் செலவின் சராசரி 40 ஆயிரம் ரூபாய், திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 4 ஆயிரம், விற்பனையின் சராசரி 60 இலட்சம், திட்டவிலக்கம் 6 இலட்சம், ஒட்டுறவுக் கெழு (செலவும் விற்பனையும் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு) 0.8. செலவை வைத்து விற்பனையைக் கணிக்க உதவும் தொடர்புப்போக்குக் கோட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நான்காம் அலகைப் படித்த எவரும் போட்டுவிடுவார். சாய்வு 0.8 பெருக்கல் 6 வகுத்தல் 4, அதாவது 1.2, விற்பனை என்பது 1.2 மடங்கு செலவுடன் 12ஐக் கூட்டியது. செலவு 45 என்றால் விற்பனை 66. இதுவரை வழக்கமான வினா.

இப்போது இன்னொரு வரி சேர்க்கிறேன்: 'அடுத்த மாதம் 90 ஆயிரம் செலவிட உரிமையாளர் எண்ணுகிறார். அவருக்கு உங்கள் விடை என்ன? காரணம் தருக.' சூத்திரத்தை மட்டும் அறிந்தவர் 120 இலட்சம் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போடுவார். இரண்டாம் அலகில் படித்த திட்டவிலக்கம் இன்னும் மனதில் இருப்பவர், 90 என்பது சராசரியிலிருந்து பன்னிரண்டரைத் திட்டவிலக்கத் தொலைவில் இருப்பதைப் பார்த்துக் கையை நிறுத்துவார். பத்தே மதிப்புகள் இருக்கும்போது எந்த மதிப்பும் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு மேல் விலகியிருக்க முடியாது. ஆகவே அந்தக் கடை எந்த மாதத்திலும் 52 ஆயிரத்துக்கு மேல் செலவிட்டதே இல்லை. காணாத எல்லையைப் பற்றி அந்தக் கோடு எதுவும் சொல்லாது என்பதுதான் விடை.

இதை ஒருமுறை வகுப்பில் கொடுத்தபோது அறுபது பேரில் நான்கு பேர்தான் நின்று யோசித்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் முதல் இன்டர்னலில் தோற்றவர்.

9. ஆறு தாள், தாளுக்கு ஐந்து அலகு, மொத்தம் முப்பது அலகு. இரண்டு வாரத்தில் யாரால் முடியும்?

இந்தக் குறை நியாயமானது. ஆசிரியர்கள் அவரவர் தாளை மட்டுமே நினைப்பதால் இந்தக் கூட்டுத்தொகை எங்கள் கண்ணில் படுவதில்லை. முப்பது அலகையும் அந்த இரண்டு வாரத்தில் புதிதாகப் படிக்க நேர்ந்தால் யாராலும் முடியாது. அங்கேதான் 'முக்கியக் கேள்விகள்' அச்சிட்ட கையேடு விற்பனையாகிறது.

அதற்குத் தீர்வு இறுதித் தேர்வைச் சுருக்குவதில் இல்லை, சுமையை முன்கூட்டியே பிரித்துக்கொள்வதில் இருக்கிறது. இரண்டாம் இன்டர்னலில் 50 மதிப்பெண்ணுக்குப் பத்து மதிப்பெண் முந்தைய அலகுகளிலிருந்து வரட்டும். மூன்றாம் விடையில் சொன்ன, இடைவெளி விட்டு நினைவுபடுத்தும் பழக்கம் அப்போது தானாக வந்துவிடும். முன்பே நன்கு சோதித்த அலகுகளுக்கு இறுதித் தாளில் எடையைச் சற்றுக் குறைத்து, கடைசி இரண்டு அலகுகளுக்குக் கூட்டவும் செய்யலாம். ஐந்துக்கும் சமபங்கு என்பது வழக்கமே தவிர விதியாக இருக்க வேண்டியதில்லை.

10. என் மகன் காலை ஷிப்ட் கல்லூரி முடித்து மதியம் கடைக்கு வேலைக்குப் போகிறான். இது அவனைப் போன்றவர்களுக்குத்தானே கஷ்டம்?

ஒரு வகையில் ஆம். படிக்க நேரம் குறைவாக உள்ளவருக்குப் பகுதி பகுதியாக முடித்துவிடும் முறை எளிதாகவே இருக்கும். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பண்டிகைக்கால விற்பனையில் மாட்டிக்கொண்டு முதல் இன்டர்னலைச் சரியாக எழுதாத மாணவருக்கு, அந்த அலகுகள் இறுதித் தேர்வில் வராவிட்டால் இழந்த மதிப்பெண் இழந்ததுதான். முழுப்பாடத் தேர்வு அவருக்கு இரண்டாவது வாய்ப்பு.

அந்த வாய்ப்பை முழுமையாகத் தர வேண்டுமானால் ஒரு விதி போதும்: இறுதித் தேர்வில் ஓர் அலகுக்கு மாணவர் பெற்ற விழுக்காடு அவருடைய இன்டர்னல் விழுக்காட்டைவிட அதிகமென்றால், இன்டர்னல் மதிப்பெண்ணை அதற்கேற்ப உயர்த்துவது. இதை நான் கல்விக்குழுவில் சொன்னபோது, கணினிப் பிரிவில் இதற்கு வசதியில்லை என்று பதில் வந்தது. மதிப்பெண்ணை அலகுவாரியாகப் பதிவுசெய்வதில்லையாம்.

11. அரியர் எழுதுபவருக்கு என்ன விதி? அவர் இன்டர்னலை மறுபடி எழுதுவதில்லையே?

கடைசிப் பகுதியை மட்டும் கேட்கும் முறை இங்கே சரியாக ஓடாது. பல கல்லூரிகளில் பழைய இன்டர்னல் மதிப்பெண் அப்படியே தொடர்கிறது. அரியர் மாணவர் இறுதித் தேர்வை மட்டும் எழுதுகிறார். அந்தத் தாளில் கடைசி இரண்டு அலகு மட்டும் இருந்தால், முதல் மூன்று அலகில் தோற்றவர் அவற்றைப் படிக்காமலே பட்டம் பெற்றுவிடுவார். ஐந்து அலகுக்கும் ஒரே தாள் என்ற நம் வழக்கம் நிலைத்திருப்பதற்கு, கற்றல் பற்றிய எந்தக் கொள்கையையும்விட இந்த அலுவலக வசதியே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

12. ஒரே நாள் தேர்வில் இவ்வளவு பாரத்தை வைப்பது ஆபத்து இல்லையா? அன்றைக்குக் காய்ச்சல் வந்தால்?

இரண்டு செய்திகள் இங்கே கலந்துவிடுகின்றன. தேர்வு எவ்வளவு பாடத்தைக் கேட்கிறது என்பது ஒன்று, எவ்வளவு மதிப்பெண்ணைச் சுமக்கிறது என்பது இன்னொன்று. முழுப்பாடத்தையும் கேட்டுவிட்டு 40 விழுக்காடு எடை மட்டும் தரலாம். ஓர் அலகை மட்டும் கேட்டு 80 விழுக்காடும் தரலாம். 1948-49இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் அது தேர்வுமுறையைப் பற்றியதாகவே இருக்கும் என்று சொன்னது. எடை மெல்ல மெல்லக் குறைந்தும் வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு இன்டர்னல் 20, இறுதித் தேர்வு 80 என்றிருந்தது. 2021 ஒழுங்குமுறையில் 40, 60 ஆனது.

எடையைக் குறைப்பதை ஆதரிக்கிறேன். ஆனால் ஆசிரியர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 25க்கு இன்டர்னல் என்றால் வகுப்பில் பெரும்பாலோர் 20க்கு மேல் வாங்கியிருப்பார்கள்; யாரையும் கெடுக்க வேண்டாம் என்ற இரக்கம் அதற்குக் காரணம். இந்நிலையில் முந்தைய அலகுகளுக்கு இன்டர்னலையே இறுதித் தீர்ப்பாக்கிவிட்டால், அந்த அலகுகளை யாரும் அளக்கவே இல்லை என்றாகிவிடும்.

13. உங்கள் வாதப்படி பார்த்தால், மூன்றாம் செமஸ்டரில் முதல் செமஸ்டர் பாடத்தையும் கேட்க வேண்டும் அல்லவா?

மாணவர் ஒருவர் மடக்கிக் கேட்டது இது. நான் உடனே விடை சொல்ல முடியாமல் நின்றேன். வாதத்தை அதன் போக்கில் நீட்டினால் அங்கேதான் போய் நிற்கும். ஆக்ஸ்போர்டில் பட்டப்படிப்பின் முடிவில் வரும் தேர்வுகள் ஓராண்டுக்கு மேற்பட்ட படிப்பைச் சேர்த்தே கேட்கின்றன. நம்மிடமும் அப்படிப்பட்ட தேர்வுகள் இருக்கின்றன, கல்லூரிக்கு வெளியே. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE), கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் (NET), முதுநிலை ஆசிரியர் பணிக்கான போட்டித் தேர்வு ஆகிய ஒவ்வொன்றும் பட்டப்படிப்பு முழுவதையும் கேட்கிறது. கல்லூரியில் பருவம் பருவமாக மூடிவைத்ததைத் திறப்பதற்காகப் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டுகிறோம்.

ஆனாலும் முந்தைய பருவத்தை மதிப்பெண்ணுக்காகக் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வேறு துறையிலிருந்து இடையில் சேர்ந்தவர், விருப்பப் பாடமாக அந்த ஒரு தாளை மட்டும் எடுத்தவர் ஆகியோருக்கு அது அநீதி. முதல் வாரத்தில் மதிப்பெண் இல்லாத ஒரு சிறு தேர்வாக வைத்து, எது மறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

14. நான் இணைப்புக் கல்லூரியில் வேலை செய்கிறேன். வினாத்தாள் வெளியிலிருந்து வருகிறது. நான் என்ன செய்ய முடியும் சார்?

இறுதித் தாளை உங்களால் தொட முடியாது; இன்டர்னல் உங்கள் கையில் இருக்கிறது. ஒன்பதாம் விடையில் சொன்ன பத்து மதிப்பெண்ணை அங்கே வைக்கலாம். முதல் இன்டர்னலின் விடைத்தாள்களைத் திருத்தி அலமாரியில் பூட்டாமல் மாணவரிடம் கொடுத்து, இரண்டாம் தேர்வின் அந்தப் பத்து மதிப்பெண் அதில் தவறிய கேள்விகளின் சாயலிலேயே வரும் என்று சொல்லிவிடுங்கள். ஆய்வுக் குழு வரும்போது காட்ட விடைத்தாள் வேண்டும் என்று துறைத்தலைவர் சொன்னால், ஒரு வாரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மாணவர்கள் பெரும்பாலும் தொலைப்பதில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். நான் முதன்முதலில் செய்தபோது அறிவிக்காமல் வைத்தேன். எதிர்பாராமல் கேட்டால்தான் உண்மை தெரியும் என்று நினைத்தேன். முதல் அலகுக் கேள்வியைப் பார்த்த வகுப்பு அப்படியே பேனாவைக் கீழே வைத்தது. மறுநாள் நாற்பத்தொரு கையெழுத்துடன் ஒரு கடிதம் துறைத்தலைவர் மேசைக்குப் போனது. கடிதத்தில் இருந்தது ஒரே வரி, 'நடத்தி முடித்த பாடத்திலிருந்து கேள்வி கேட்கப்பட்டுள்ளது.'